தப்பு என்று எழுதாதீர்கள்

அத்தியாயம் 9

விசாரணைப் படிவத்தில் எர்லிண்டா 'ஆம்' என்று எழுதி அனுப்பிவிட்டாள். இப்போதைக்கு இது அவளுக்கும் உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். அவளுடைய அண்ணன் அமரான்தேவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வெள்ளிக்கிழமை காலையில் அவன் அவ்வளவு உற்சாகமாக விசிலடித்துக்கொண்டு, பிக்கப் வண்டியிலிருந்து மிளகாயைப் போட்டுச் சுற்றி வாட்டும் கம்பிவலை டிரம்மை இறக்கியிருக்க மாட்டான்.

இடையில் ஓரிரண்டு வாரம் நம்மை மறந்து எங்கேயோ சுற்றிவிட்டு வந்தவர்களுக்காக மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எர்லிண்டா கின்டானா எங்கள் பள்ளத்தாக்குப் பெண். மலைமேல் இருக்கும் அரசாங்க ஆய்வுக்கூடத்தில் வேலை. கண்ணாடிப் பெட்டிக்குள் நீளக் கையுறை வழியாகக் கையை விட்டு, வெறும் கையால் தொட்டால் ஆளைக் கொல்லும் பொருளைக் கையாளுகிற வேலை. அதற்கு வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசாங்கம் கொடுக்கும் பாதுகாப்பு அனுமதி வேண்டும். அந்த அனுமதியைக் கொடுத்தால் கொடுத்ததுதான் என்று விடமாட்டார்கள். சில வருடத்துக்கு ஒருமுறை ஆளைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கிப் பார்ப்பார்கள். அதுதான் மறுவிசாரணை.

இந்த முறை படிவத்தில் கேட்ட கேள்விகளில் ஒன்று: இந்த அனுமதி கையில் இருந்த காலத்தில் கஞ்சா தொட்டதுண்டா?

ஆறு வருடத்துக்கு முன், வயிற்றுப் புற்றுநோயில் கணவன் எல்ஃபேகோ படுக்கையில் கிடந்தபோது, தொட்டாள். அனுமதி போனால் வேலை போகும். வேலை போனால் வீடும், மகள் செனைடாவின் நர்ஸ் படிப்பும் போகும். இந்தப் பள்ளத்தாக்கில் அந்தச் சம்பளம் கொடுக்க வேறு ஆள் கிடையாது. கதை இவ்வளவுதான். இனி வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

"ஏன் அண்ணே, இன்னைக்குத்தான் மிளகா வாட்டணுமா? அந்த விசாரணை ஆளு இப்ப வந்துருவாரு" என்றாள் எர்லிண்டா.

"அதனாலதான் இன்னைக்கு. நான் வாசல்ல நின்னா உனக்குத் தெம்பு. அதுவும் போக, மிளகா நெடி அடிக்கிற வீட்டுல வேற நெடியைப் பத்தி எவன் கேப்பான்?"

அமரான்தே மலையில் குழாய்ப் பிரிவில் மேற்பார்வையாளன். தங்கையைப் போலவே அந்த அனுமதியை நம்பிச் சாப்பிடுகிறவன். இரண்டு வருடத்துக்கு முன் அவனுக்கும் மறுவிசாரணை வந்தது. கேட்ட எல்லாவற்றுக்கும் 'இல்லை, இல்லை, இல்லவே இல்லை' என்று சொல்லிவிட்டு ஜம்மென்று வெளியே வந்தான். அரசாங்கம் வந்து கேட்டால் இல்லை என்று சொல்வதுதான் மரியாதை என்பது அவன் கட்சி. எங்கள் ஊரில் பாதிப்பேர் அந்தக் கட்சிதான்.

"தெருவுல அவன் விசாரிக்கிற எல்லா வீட்டுக்கும் போயிட்டு வந்துட்டேன். கவலையே படாத" என்று அவன் எரிவாயுக் குழாயை மாட்டினான். "வீட்டுக்கு ஒரு சாக்கு மிளகா, வீட்டுக்கு ஒரே ஒரு வாக்கியம். 'எர்லிண்டாவா? அவ தலைவலிக்குக்கூட மாத்திரை போடமாட்டாளே!' அவ்வளவுதான். காது கேக்காத பெனினோகூட மனப்பாடம் பண்ணிட்டாரு. எழுதிக் காட்டிச் சொல்லிக்குடுத்தேன்."

கதவருகில் காபியோடு நின்ற செனைடாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாமா, அம்மா தினம் காலையில ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை போடுறாங்க."

"அது தலைவலி இல்லையே!"

"நல்லா இருக்கு."

"நீ பேசாத. மொதல்ல அந்த பனியனை மாத்து. விசாரணைக்கு வர்றவன் மூஞ்சிக்கு நேரா, நெஞ்சுல ஒரு இலையை ஒட்டிக்கிட்டு நிக்கிறா பாரு."

செனைடா பகலில் நெடுஞ்சாலை ஓரத்துக் கஞ்சாக் கடையில் விற்பனைப் பெண், இரவில் நர்ஸ் மாணவி. பச்சை இலை போட்ட பனியன்தான் அங்கே சீருடை.

"இது என் கடை யூனிஃபார்ம், மாமா. நேத்து உங்க பிரிவுலேர்ந்து ரிட்டையர் ஆன ரெண்டு பேரு க்யூவுல நின்னாங்க. வரி புடிச்சு, ரசீது போட்டு, 'நன்றி, மறுபடி வாங்க'ன்னு சொல்லி அனுப்பினேன்."

"ரிட்டையர் ஆனவன் எதை வேணா இழுப்பான். உங்கம்மா ரிட்டையர் ஆகல."

"அவ மாத்த வேணாம்" என்றாள் எர்லிண்டா. "வேலைக்குப் போற புள்ள. எதுக்கு ஒளியணும்?"

எனக்கு இந்த இடத்தில் கோபம் வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மாநில அரசாங்கம் கடைக்கு உரிமம் கொடுக்கிறது, விற்ற காசில் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடுகிறது. வாஷிங்டனோ அதே சரக்கைத் தொட்டவளை வேலையை விட்டுப் போ என்கிறது. மகள் விற்றால் வியாபாரம், அம்மா இழுத்தால் குற்றம். ஒரே வீட்டில் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்கிற இரண்டு பேருக்கு இரண்டு சட்டம். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

எர்லிண்டா அண்ணனைப் பார்த்தாள். அவன் குனிந்து, திருகைத் திருப்பிச் சுடரைச் சரி பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும்..."

டிரம் 'ஹோ' என்று இரைய ஆரம்பித்தது. அதே நேரம் ஒரு வெள்ளைக் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வாசலில் வந்து நின்றது.

வந்தவர் பெயர் ஓக்லி. டெக்சஸ்காரர், ஓய்வுபெற்ற போலீஸ், ஆறடிக்கு மேல் உயரம். மிளகாய்ப் புகையில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே சமையலறைக்குள் வந்து உட்கார்ந்தார். செனைடாவின் பனியனைப் பார்த்தார், பார்க்காத மாதிரி பையைத் திறந்தார். விசாரணைக்கு வேறு யாரும் கூடாது என்றதும் செனைடா பின்பக்க அறைக்குப் போய்விட்டாள்.

எர்லிண்டா அவர் முன்னால் ஒரு கிண்ணம் வைத்தாள். பச்சை மிளகாயும் பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும் போட்டுக் கொதித்த குழம்பு, பக்கத்தில் சூடான ரொட்டி.

"மன்னிக்கணும் மேடம். விசாரணைக்குப் போற இடத்துல நான் எதுவும் வாங்கிக்கக் கூடாது. காபிகூடக் கூடாது."

"சாப்பிட வேணாம் சார். சும்மா முன்னாடி இருக்கட்டும். வெறும் மேஜைக்கு முன்னாடி நாங்க யாரையும் உக்கார வைக்கிறதில்ல."

ஓக்லி ஆவி பறக்கிற கிண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுக் குறிப்பேட்டைத் திறந்தார்.

"உங்க தெருவுல விசாரிச்சேன். எல்லாரும் நல்லபடியா சொன்னாங்க. ரொம்ப நல்லபடியா. ஒரே மாதிரி."

எர்லிண்டா கிண்ணத்தை மறுபடி அவர் பக்கம் கொஞ்சம் நகர்த்தினாள்.

"நீங்க தலைவலிக்குக்கூட மாத்திரை போடமாட்டீங்களாம். காது கேக்காத ஒரு பெரியவரு, நான் கேள்வி கேக்குறதுக்கு முன்னாடியே அதைச் சொல்லிட்டு, எப்படிச் சொன்னேன்னு கேக்குற மாதிரி என் மூஞ்சியைப் பாத்தாரு."

எர்லிண்டா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிக்கிற நேரமா இது?

"எல்லா வீட்டு அடுப்படியிலயும் ஒரே மாதிரி சாக்குல மிளகா. அதே சாக்கு இப்ப உங்க வாசல்ல அடுக்கியிருக்கு." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இதுல வேடிக்கை என்னன்னா மேடம், நீங்க 'ஆம்'னு சொல்லியிருக்கீங்க. உங்க தெருவிலேயே மாத்திச் சொன்ன ஒரே ஆளு நீங்கதான்."

"அவங்க மேல கோவப்படாதீங்க. பாசத்துல சொன்னது."

"பொய்தானே?"

"பாசத்துல சொன்ன பொய்."

"நீங்களும் இல்லைன்னு சொல்லியிருக்கலாம். ரத்தப் பரிசோதனையில ஆறு வருஷம் கழிச்சு எதுவும் தெரியாது. ஏன் சொன்னீங்க?"

எர்லிண்டா இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்தாள்.

"எங்க வேலையில ஒரு பழக்கம் இருக்கு சார். பெட்டிக்குள்ள கை இருக்கும்போது கையுறையில ஊசிமுனை அளவு கிழிசல் விழுந்தாக்கூட, கையை விட்டிருக்கிறவதான் மொதல்ல கத்தணும். 'கிழிஞ்சிருச்சு'ன்னு. கத்தினா வேலை நிக்கும், பெரியவங்க திட்டுவாங்க, ஆளைக் கழுவித் தேய்ப்பாங்க. வெக்கமாத்தான் இருக்கும். மறைச்சா பக்கத்துல நிக்கிறவனும் சேந்து சாவான். பத்தொன்பது வருஷமா கத்திப் பழகின வாய் இது. இப்ப மூடுன்னா எப்படி மூடும்?"

ஓக்லி எழுதிக்கொண்டார். வெளியே டிரம் இரைந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு நேராக நின்று ஒட்டுக் கேட்கலாம் என்றுதான் அமரான்தே அங்கே டிரம்மை நிறுத்தியிருந்தான். அது போட்ட இரைச்சலில் அவனுக்கு ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. அறிவாளி!

"நடந்ததைச் சொல்லுங்க" என்றார் ஓக்லி.

சொன்னாள்.

எல்ஃபேகோ மண்சுவர் பூசுகிற மேஸ்திரி. ஒரு ஆள் உயரத்துக்கு மண்ணைக் குழைத்துத் தனியாகத் தூக்குகிறவன். நோய் வந்த பிறகு ஒரு வாய்க் கஞ்சி உள்ளே போகாது, போனால் நிற்காது. கஞ்சா பசியைக் கிளப்பும் என்று டாக்டரே சொன்னார். அவன் மாட்டேன் என்றான். அவனுடைய தம்பி போதை ஊசி போட்டுக்கொண்டே செத்தவன். அந்தப் பயத்தில் எல்ஃபேகோ வாழ்நாள் முழுக்க ஒரு சிகரெட்கூடத் தொட்டதில்லை.

"'போதைக்காரனா சாகமாட்டேன் லிண்டா'ன்னு அழுதாரு. அதனால மொத இழுப்பு நான் இழுத்தேன். ஒவ்வொரு தடவையும் மொத இழுப்பு நான்தான். நான் இழுத்து, ஒண்ணும் ஆகலைன்னு சிரிச்சுக் காட்டினப்புறம்தான் அவரு கையில வாங்குவாரு."

"எத்தனை தடவை?"

"எண்ணல."

"தோராயமா?"

"அவருக்குப் பசி எடுத்த தடவையெல்லாம்." அவள் மேஜைமேல் இருந்த ரொட்டியைத் தொட்டுக் காட்டினாள். "ஒரு நாள் முழு ரொட்டி சாப்பிட்டாரு சார். முழு ரொட்டி. தட்டை வழிச்சு நக்கினாரு."

"அந்தச் சமயத்துல மலைக்கு வேலைக்குப் போனீங்களா?"

"ஒரு நாள்கூட இல்ல. சம்பளமில்லாத லீவுல இருந்தேன். அந்தக் கையோட நான் பெட்டியைத் தொட்டதில்ல. அதைச் செஞ்சிருந்தா இன்னைக்கு நானே பேட்ஜைக் கழட்டி உங்ககிட்ட குடுத்திருப்பேன்."

"அவருக்குக் கஞ்சா வாங்க மருத்துவ அட்டை எடுத்திருக்கலாமே? மாநிலச் சட்டத்துல அப்பவே வழி இருந்துச்சு."

"கேட்டோம். வந்துச்சு. அடக்கம் பண்ணின மறுவாரம் தபால்ல வந்துச்சு. போட்டோவுல சிரிச்சுக்கிட்டு இருக்காரு."

ஓக்லி பேனாவை மூடி மேஜையில் வைத்தார். போலீஸ்காரர்களிலும் மனிதர்கள் உண்டு. இவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"மேடம், நான் தீர்ப்பு சொல்றவன் இல்ல. கேட்டு எழுதி அனுப்புறவன். மேல இருக்கிறவங்க இதைப் படிக்கும்போது ஒரே ஒரு வரியைத் தேடுவாங்க. 'நான் செஞ்சது தப்பு, அதுக்கு வருத்தப்படுறேன், இனிமே செய்யமாட்டேன்.' அந்த வரி இருந்தா உங்களுக்குப் பாதி வேலை முடிஞ்ச மாதிரி. இவ்வளவு நேர்மையா இருக்கீங்க. அதையும் சொல்லிடுங்க, நான் எழுதிக்கிறேன்."

வாசகர்களே, நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்கள். நான் கண்டிப்பாகச் சொல்லியிருப்பேன். ஒரே ஒரு வரி. வீடு இருக்கும், மகள் படிப்பு இருக்கும், வேலை இருக்கும்.

"இனிமே செய்யமாட்டேன்னு எழுதிக்கோங்க" என்றாள் எர்லிண்டா. "செய்யறதுக்கு அவரு இல்ல."

"சரி. வருத்தப்படுறேன்னு?"

"வருத்தம் இருக்கு. இன்னும் முன்னாடியே ஆரம்பிக்கலையேன்னு வருத்தம். ரெண்டு மாசம் அவரைப் பட்டினி போட்டுட்டேன், சட்டத்துக்குப் பயந்து."

"மேடம்..."

"சட்டத்தை மீறினேன். தெரிஞ்சேதான் மீறினேன். அதை எழுதுங்க, கையெழுத்துப் போடுறேன். தப்பு பண்ணினேன்னு எழுதாதீங்க. ரெண்டும் ஒண்ணு இல்ல."

"நீங்க சொல்ற வித்தியாசத்தை மேல யாரும் பாக்கமாட்டாங்க. நாளைக்கே வேலை போயிடலாம்."

"போகட்டும். புருஷன் வாய்க்கு ஒரு பிடி சோறு போனதைத் தப்புன்னு சொல்லித்தான் எனக்குச் சம்பளம் வரணும்னா, அந்தச் சோறு எனக்கு இறங்காது."

ஓக்லி பெருமூச்சு விட்டார். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். எழுதி முடித்து, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"கடைசிக் கேள்வி. அட்டை இல்லை, அப்போ கடையும் இல்லை. சரக்கை யார் கொண்டு வந்து குடுத்தது?"

இந்தக் கேள்வி வரும் என்று எர்லிண்டாவுக்குத் தெரியும். வராமல் போகட்டும் என்று ராத்திரியெல்லாம் வேண்டியிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே, முதுகைக் காட்டிக்கொண்டு, அமரான்தே டிரம்மின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"சொல்லமாட்டேன்."

"தெரியாதுன்னு சொல்றீங்களா?"

"தெரியும். சொல்லமாட்டேன்னு சொல்றேன். என்னைப் பத்தி எதை வேணாலும் கேளுங்க, தோலை உரிச்சுக் காட்டுறேன். அடுத்தவங்க பேரு என் வாயிலேர்ந்து வராது."

"பதில் சொல்ல மறுக்கிறதே அனுமதியை எடுக்கப் போதுமான காரணம். மத்ததெல்லாம் மன்னிச்சாலும் இதை மன்னிக்கமாட்டாங்க. தெரியுமில்ல?"

"தெரியும் சார். அப்படியே எழுதுங்க."

எழுதினார். பையை மூடினார். குழம்பு ஆறிப்போயிருந்தது. எழுந்திருக்கும்போது அந்தக் கிண்ணத்தைப் பார்த்து அவர் லேசாகத் தலை குனிந்த மாதிரி எர்லிண்டாவுக்குத் தோன்றியது.

வாசலில் ஓக்லியைக் கண்டதும் அமரான்தே டிரம்மை நிறுத்தினான். கரி படிந்த கையுறையோடு, முகமெல்லாம் பல்லாக முன்னே வந்தான். தன்னுடைய நேரம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான், பாவம்.

"நான் அவளோட அண்ணன் சார். அமரான்தே ஆர்ச்சுலேட்டா. எர்லிண்டாவைப் பத்தி என்னைக் கேளுங்க. அவ தலைவலிக்குக்கூட..."

"அண்ணே, விடு" என்றாள் எர்லிண்டா கதவிலிருந்து. "நான் உண்மையைச் சொல்லிட்டேன்."

அமரான்தே அவள் பக்கம் திரும்பினான்.

"என்னத்தைச் சொன்னே?"

"என்னோடதை. என்னோடதை மட்டும்."

"பைத்தியமாடி உனக்கு? தெரு முழுக்க அலைஞ்சு, அந்த மனுஷனுக்கு எழுதிக் காட்டி... செனைடாவை நெனச்சியா? வீட்டை நெனச்சியா?" கையுறையைக் கழற்றித் தரையில் அடித்தான். "எல்லாத்தையும் கெடுத்துட்டியே!"

பிறகுதான் அவள் சொன்னதில் இருந்த அந்த 'மட்டும்' அவன் மண்டைக்குள் இறங்கியது. அமரான்தே பெரிய புத்திசாலி இல்லை. ஆனாலும் விசாரணைக்காரன் என்னென்ன கேட்பான் என்பது அவனுக்கு அத்துப்படி. யார் கொண்டு வந்தது என்று கேட்டிருப்பான். இவள் என்ன சொன்னாள்? தங்கையின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. அதிலேயே அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

ஓக்லி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் வரல. அதோடதான் உங்க தங்கச்சி ஃபைல் மேல போகும். வர்றேன்."

அவர் காரை நோக்கி நடந்தார்.

போகட்டும் என்று விட்டிருந்தால் போயிருக்கும். அமரான்தேவின் வேலையும், அடுத்த வருடம் வரவேண்டிய ஓய்வூதியமும், மூன்று பிள்ளைகளும் பத்திரம். விலையைத் தங்கை கொடுத்துவிடுவாள். கொடுத்துவிட்டு ஒரு நாளும் குத்திக்காட்டவும் மாட்டாள். அது அவனுக்குத் தெரியும். அதுதான் அவனைச் சுட்டது.

கார்க் கதவு திறந்தது.

"ஏய், டெக்சஸ்!"

ஓக்லி திரும்பினார்.

"அந்த மிளகாச் சாக்கெல்லாம் என்னோடது. அந்த வாக்கியமும் என்னோடது. ஊர்க்காரங்க யாரையும் எழுதிடாதீங்க." அமரான்தே ஒரு அடி முன்னால் வந்தான். "எல்ஃபேகோவுக்குச் சரக்கு கொண்டு வந்து குடுத்ததும் நான்தான்."

"அண்ணே!" எர்லிண்டா படியிறங்கி ஓடி வந்தாள். "உனக்கென்ன கிறுக்கா? யாரு உன்னைக் கேட்டா?"

"நீ சும்மா இரு. இந்த வீட்டுல உனக்கு மட்டும்தான் வாய் இருக்கா?"

பின்பக்க அறையிலிருந்து ஓடி வந்த செனைடா கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

ஓக்லி கார்க் கதவை மூடினார். நிதானமாக நடந்து வந்தார். புகையில் மறுபடி அவர் கண் கலங்கியது. இந்த முறை அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"மிஸ்டர் ஆர்ச்சுலேட்டா, உங்களுக்கும் மலையில அனுமதி இருக்கு, இல்ல?"

"இருக்கு."

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே கேள்வியை உங்களையும் யாராவது கேட்டிருப்பாங்களே?"

அமரான்தே குனிந்து எரிவாயுத் திருகை இறுக்கி மூடினான். ஒரு மிளகாய்ப் பெட்டியைக் கவிழ்த்து அவர் பக்கம் தள்ளினான். இன்னொன்றைத் தனக்குப் போட்டுக்கொண்டான்.

"உக்காருங்க சார். நின்னுக்கிட்டுச் சொல்ற கதை இல்ல அது."

ஓக்லி உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தார். எர்லிண்டா உள்ளே போனாள். சூடான குழம்பை இன்னொரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்து அண்ணன் முன்னால் வைத்தாள்.